மாம்பழக் கலர் கோடி

ராசாங்கத்தின் பெரியப்பா ஆடி மாதத்தில் ஒரு தரம் செத்தார். கார்த்திகையில் இன்னொரு தரம் செத்தார். இரண்டு தரமும் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து கிளார்க் வைத்திலிங்கம்தான். ராசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். இரண்டாம் தரம் 'எனது பெரிய தகப்பனார் அவர்கள் காலமானபடியால்' என்று அழகாக எழுதி முடித்த பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது.

"ஏன்டா, இவருதான் ஆடியிலயே போய்ச் சேந்துட்டாரே?"

"அது பெரம்பலூரு பெரியப்பாங்க சார். இது அவருக்கும் மூத்தவரு."

"த பாரு ராசாங்கம், ஒரு ஆளு ஒரு தடவைதான் சாவலாம். இது கவர்மெண்டு ரூலு. ஞாபகம் வச்சுக்க."

"சரிங்க சார்" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான் ராசாங்கம். ஆசிரியர்கள் அறையில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

விக்கிரமங்கலத்துக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வருகிற உயர்நிலைப்பள்ளி அது. அங்கே ராசாங்கம் பியூன். மணியடிப்பது, பானையில் தண்ணீர் நிரப்புவது, வாத்தியார்களுக்கு டீ வாங்கி வருவது எல்லாம் அவன்தான். இருட்டிய பிறகு வாட்ச்மேனும் அவன்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சு போட்டு வைக்கிற அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வான். மரத்தில் கட்டித் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. கணக்கு வாத்தியார் மணி அடித்த பிறகும் வகுப்பை விடமாட்டார் என்பதால், அவர் பாடவேளைக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே அடித்துவிடுவான். பையன்கள் அவனைத் தெய்வமாகக் கும்பிட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் அவன் உயிர் கபடியில் இருந்தது. நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு அவன் பாடிப்போனால், எதிர்க்கட்சி ஆள்கள் இடுப்பைப் பிடிப்பதா காலைப் பிடிப்பதா என்று முடிவு பண்ணுவதற்குள் இரண்டு பேரை அவுட்டாக்கிவிட்டுத் திரும்பியிருப்பான். மூச்சு அறுந்து அவனை யாரும் பார்த்ததில்லை. அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்தில் எந்தக் கோயில் திருவிழாவில் பந்தயம் வைத்தாலும் ராசாங்கம் வருகிறானா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், சாமிகள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திருவிழா கொண்டாடுவதில்லை. ஹெட்மாஸ்டர் சிங்காரவேலு விளையாட்டுக்கு லீவு கேட்டால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் சாவுக்கு லீவு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் பந்தயத்தன்று காலையில் சைக்கிள் கடை கொளஞ்சியப்பன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பான். "ராசாங்கத்துக்கு ஒரு துக்கச் சேதிங்க" என்பான். டீமுக்கு மேனேஜர் அவன். சாவு சொல்கிற வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். இப்படியே இரண்டு பெரியப்பா, ஒரு சித்தப்பா, மூன்று மாமன்மார், கும்பகோணத்தில் ஒரு அத்தை என்று வரிசையாகப் போய்விட்டார்கள்.

உள்ளபடி ராசாங்கத்துக்குப் பெரியப்பாவும் கிடையாது, அத்தையும் கிடையாது. அப்பனும் ஆத்தாளும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது அவன் சின்னப் பையன். திருமானூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா இருசம்மாள் வந்து அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். கரும்பு வெட்டப் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே கூட்டிப்போனாள். இந்த வேலை கிடைக்கும்வரை அவள் வீட்டுச் சோறுதான். அவனுக்கு உலகத்தில் இருந்த உறவு அந்த ஒரு ஆள். அத்தனை பொய்ச் சாவிலும் அவள் பேரை மட்டும் அவன் வாயில் எடுத்ததில்லை.

எண்பத்தி ரெண்டாம் வருஷம் மாசி மகத்துக்கு ஜெயங்கொண்டத்தில் பெரிய பந்தயம். செத்துப்போக ஆள் யாரும் மிச்சமில்லை.

"அக்காவ வச்சுக்கலாம்டா" என்றான் கொளஞ்சியப்பன்.

ராசாங்கம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். "இன்னொரு வாட்டி சொன்ன, பல்லு இருக்காது."

"அட, கைய எடுடா. பொய்யா சாவு சொன்னா அவங்களுக்கு ஆயுசு கெட்டிம்பாங்க. ஒங்கக்காவுக்கு நல்லதுதான் பண்ற."

அப்படி ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கத்தான் செய்தது. ராசாங்கமும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தவன். ஆனால் அதற்காக அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பந்தயத்துக்குப் போகவேண்டும் என்ற ஆசையில்தான் ஒத்துக்கொண்டான். நம்பிக்கை ஒரு சாக்கு. ஆசை கண்ணை மறைத்தால் மனிதன் யாரையும் விற்றுவிடுவான்.

அன்றைக்கு வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. அக்கா வளர்த்த பிள்ளை என்று அவருக்கும் தெரியும். 'எனது தமக்கையார் இருசம்மாள் காலமானபடியால்' என்று எழுதும்போது அவர் கை கொஞ்சம் நின்றது. ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டு, "போய்ட்டு வாப்பா, காரியம்லாம் முடிச்சுட்டு நிதானமா வா" என்றார். ராசாங்கத்துக்கு உடம்பு கூசியது. ஆனாலும் போனான். போய் ஜெயித்தான். எதிர்த்து ஆடியது திருமானூர் டீம். அவர்களில் நல்ல பிடிகாரனான சாமிதுரையால் அவனைக் கடைசிவரை பிடிக்கவே முடியவில்லை. ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, ஜெயித்த தெம்பில் கொளஞ்சியப்பன் வாயை விட்டுவிட்டான். ராசாங்கம் எப்படி லீவு வாங்கினான் என்ற கதையை நடித்தே காட்டினான். சாமிதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் இருசம்மாளுக்கு அடுத்த தெரு என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் ஒயர் கூடையோடு வந்து நின்றாள். வைத்திலிங்கம்தான் எதிரே வந்தார்.

"யாரும்மா, யாரப் பாக்கணும்?"

"ராசாங்கத்தப் பாக்கணுங்க. நான் அவனுக்கு அக்கா. போன வாரம் செத்துப்போனவ."

வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குள் பத்தாம் வகுப்புப் பையன்கள் ஜன்னலில் ஈயாய் மொய்த்துவிட்டார்கள். ராசாங்கம் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். அக்கா அவனைக் கண்டுபிடித்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதுகில் இரண்டு வைத்தாள். அத்தனை பேர் முன்னால் அடி வாங்கியதில் அவனுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

பின்னால் அவன் அறையில் உட்கார்ந்து கூடையைத் திறந்தாள். அதிரசம் கொண்டுவந்திருந்தாள்.

"ஏன்டா, என்னயக் கொன்னியே, கோடிச் சீல எடுத்தியாடா?" என்று கேட்டாள். "பொறந்த வூட்டுக் கோடி வந்து விழாம பொம்பள பொணத்தத் தூக்குவானுவளா? நீ ஒருத்தந்தான எனக்குப் பொறந்த வூடு. வெறுங்கையோட கபடிக்கிப் போயிருக்க."

"சும்மா இருக்கா. என்ன பேச்சு இது."

"இல்லடா, சொல்லி வச்சுடறேன். நெசமா செத்தா மாம்பழக் கலர்ல எடுத்துக்கிட்டு வா. அரக்குக் கரை போட்டு. ஒங்க மாமன் எடுத்துக் குடுத்ததெல்லாம் காஞ்ச கரும்புச் சோவை கலருதான்."

"உசுரோட இருக்கையிலயே எடுத்துத் தரேன். வர்ற தீவாளிக்கு."

"பாப்பம், பாப்பம்" என்று சொல்லிவிட்டு, அவன் அழுக்குச் சட்டைகளையெல்லாம் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அவள் போனபிறகு ஹெட்மாஸ்டர் அவனைக் கூப்பிட்டார். அவன் அக்காவுக்காகத் தான் கலங்கியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். பிறகு வைத்திலிங்கத்திடம், "இனிமே இவனுக்கு எவனாவது சாவுச் சேதின்னு வந்தா கேட்டுக்குள்ள விடாதீங்க. அப்பிடியே திருப்பி அனுப்பிடுங்க" என்றார். மெமோ கொடுக்காமல் விட்டாரே என்று ராசாங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். நல்ல மனுஷர்தான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

பங்குனி பிறந்தது. பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சை. அதற்கு முதல் நாள் பள்ளிக்கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. ஹெட்மாஸ்டர் காலையிலேயே பரீட்சை மீட்டிங்குக்கு அரியலூர் போய்விட்டார். ராசாங்கம் பின்பக்கக் கட்டடத்தில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, கோந்து தடவி, நம்பர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். பங்குனி உத்திரத்துக்கு ஒரு பந்தயம் வந்திருந்தது. அது லீவு நாளில் விழுந்ததால் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில், ஒரு வரிசைக்குச் சீட்டு ஒட்டி முடிக்கும்வரை மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடுவது, அடுத்த வரிசைக்குப் புதுமூச்சு எடுப்பது என்று தனக்குத்தானே ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டான். வெறும் வகுப்பறையில் குரல் கணீரென்று கேட்டது. முன்பக்க வாசல் வரை அது கேட்டிருக்காது.

கடைசிச் சீட்டையும் ஒட்டிவிட்டுக் கோந்து டப்பாவோடு ஆபீஸுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வைத்திலிங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

"என்னடா ராசாங்கம், பரீட்சைக்கு முந்தின நாளுமா? ஒனக்கு வெக்கமே இல்லியா?"

"என்னங்க சார்?"

"காலையில ஒன் ஆளு வந்தான். திரும்பவும் அக்காவாம். அதே திருமானூரு. 'அந்தம்மா மாசியிலயே செத்துட்டாங்களேப்பா, வேற யாரயாச்சும் சாவடிச்சுட்டு வா'ன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். ஆனா இந்தத் தடவ நல்ல ஆளாப் புடிச்சிருக்க. நெசமாவே கண்ணுல தண்ணி வுட்டான்."

ராசாங்கத்துக்கு முதலில் கொளஞ்சியப்பன் மேல்தான் கோபம் வந்தது. "நான் ஒண்ணும் சொல்லலைங்க சார். அந்தப் பய கொளஞ்சியப்பனா வந்தான்?"

"கொளஞ்சியப்பன எனக்குத் தெரியாதா? இது புது ஆளு. கட்டையா, காதுல செவப்புக் கடுக்கன் போட்டுக்கிட்டு. கரும்புக் கொல்லையில பாம்பு கடிச்சிடுச்சு, விடியறதுக்குள்ள போயிட்டாங்க, கோடி எடுத்துக்கிட்டு ஒடனே வரணும்னு..."

வைத்திலிங்கம் பாதியில் நிறுத்திக்கொண்டார். ராசாங்கத்தின் கையிலிருந்து டப்பா விழுந்து கோந்து தரையில் பரவியது. சிவப்புக் கடுக்கன் போட்ட கட்டை ஆள் அக்கா புருஷன் குழந்தைவேலுவின் தம்பி. கபடிக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"ராசாங்கம்... டேய்... நெசமாவா?" என்றார் வைத்திலிங்கம். பதில் சொல்ல அவன் அங்கே இல்லை.

பஸ் நிறுத்தம் வரை ஓடினான். அரியலூர் பஸ் வர நேரமாயிற்று. வந்த பஸ்ஸும் ஒவ்வொரு ஊரிலும் ஆள் ஏற்றி, மூட்டை ஏற்றி, டிரைவர் இறங்கி வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போனது. ராசாங்கம் முன் கம்பியைப் பிடித்தபடி நின்றான். கோடி போகாமல் தூக்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அக்காவே சொல்லியிருக்கிறாள். தூக்கமாட்டார்கள். காத்திருப்பார்கள். ஆனால் பொழுதோடு பிணத்தை எடுத்துவிடுவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அரியலூரில் இறங்கியபோது திருமானூர் போகிற பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது. ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிற்பாடு அவன் பல தடவை யோசித்தான். ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போவது? எதிரே ஜவுளிக்கடை இருந்தது. உள்ளே ஓடி, "மாம்பழக் கலர்ல பொடவ, அரக்குக் கரை" என்றான். கடைக்காரர் பச்சை எடுத்துப் போட்டார், ஊதா எடுத்துப் போட்டார், பரணில் ஏறிப் பார்க்கச் சொல்லி ஆளை அனுப்பினார்.

"யாருக்குங்க, கட்டிக்கப்போற பொண்ணுக்கா?" என்று சிரித்தார்.

"எங்கக்காவுக்குங்க."

"அக்கா என்ன நெறம்? செவப்பா இருந்தா இது எடுக்கும்."

கடைசியில் அந்தக் கலர் கிடைத்தது. வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வந்து அவனைத் திருமானூரில் இறக்கிவிட்டபோது கரும்புக் கொல்லைகளின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. பறைச்சத்தம் இல்லை, ஒப்பாரி இல்லை. அக்கா வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். குழந்தைவேலு தலை முழுகிய ஈரத்தோடு, மழித்த மீசையோடு குந்தியிருந்தார். மச்சினனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இப்பதான் ஒழிஞ்சுதா ஒனக்கு?"

"மாமா, எனக்குத் தெரியாது மாமா. எங்கிட்ட யாரும் சொல்லல."

"சிரிச்சானுவளாமே. எந்தம்பி அழுதுக்கிட்டே வந்து சொன்னான். அவ செத்தத வச்சு ஒங்க பள்ளிக்கூடத்துல சிரிச்சானுவளாமே. அவன் வரமாட்டான், வேற ஆளப் பாத்துக்கன்னு தெருவே பேசுச்சு. வெயிலு எறங்கற மட்டும் வச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஈ மொய்க்க வுட்டுட்டு ஒக்காந்திருந்தேன்டா."

ராசாங்கம் புடவைப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். எதைச் சொன்னாலும் மாசியில் செய்ததைச் சொல்லாமல் சொல்ல முடியாது. வேலியோரம் நின்றிருந்த சாமிதுரை வந்து அவன் கையைப் பிடித்தான்.

"கோடி போட ஆளில்லாம கெடந்துச்சுடா. பொறந்த வூட்டு ஆளு இல்லன்னா பங்காளி முறையில யாராச்சும் போடணும்னாங்க, எவனும் முன்ன வரல. நாந்தான் ராசாங்கத்துக்குப் பதிலா போடறேன்னு சொல்லிப் போட்டேன். ஒங்கூட வெளையாடுனவன்ற முறைதான். ஒண்ணும் நெனச்சுக்காத."

"என்ன கலருடா போட்ட?"

சாமிதுரைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "கலரா? பொட்டிக்கடையில ஒரு நூல் சீலதான் கெடச்சுது. செவப்போ என்னமோ."

கொள்ளிடக் கரையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு உடைந்த சட்டி. பையிலிருந்து புடவையை எடுத்துப் பிரித்தான் ராசாங்கம். பின்னாலேயே வந்திருந்த குழந்தைவேலு அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்.

"மண்ணுக்குக் கோடி போடற வழக்கம் எங்கயும் இல்ல. மூஞ்சியப் பாத்துப் போடறதுதான் கோடி. எடுத்துக்கிட்டுப் போ."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ராசாங்கம் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது, ஆனால் மூச்சு மேலே வரவில்லை. யாருக்கும் பிடிபடாதவன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவனைச் சாமிதுரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கூட்டிப்போனான்.

பால் தெளித்து முடித்துவிட்டு அவன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இடைப்பட்ட நாள்களில் வைத்திலிங்கமே மணி அடித்தாராம்; கையில் கொப்புளத்துக்குத் துணி சுற்றியிருந்தார். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கிளார்க் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ராசாங்கத்தின் மொட்டைத் தலையைப் பார்த்தார்கள். அவன் கக்கத்தில் ஜவுளிக்கடைப் பை அப்படியே இருந்தது.

"லீவு லெட்டர் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்" என்றான் ராசாங்கம்.

வைத்திலிங்கம் பேப்பர் எடுத்தார். 'ஐயா' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் வேணும்னு செய்யலடா. சத்தியமா..."

"தெரியுங்க சார். ஒங்க மேல தப்பு இல்ல."

"அக்கா... அக்கா காலமானபடியால்னு எழுதிடறேன்."

"வேண்டாங்க சார்." ராசாங்கம் மணியடிக்கிற கட்டையை எடுத்துக்கொண்டான். அடுத்த மணி அடிக்க நேரமாகிவிட்டிருந்தது. "அது மாசியிலயே எழுதியாச்சு. ஒரு ஆளு ஒரு தடவைதான் சாவலாம்னு நீங்கதான சொன்னீங்க. எனக்கு வயித்து வலின்னு போட்டுக்குங்க."